செவலைக்கு மூணு கப் போதும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அது. மஞ்சள் ஒரு ஏக்கர், வாய்க்காலில் தண்ணீர் விடும்போது நெல் ஒரு ஏக்கர். மீதி முழுக்க மாட்டுக்குத்தான். கோ-4 புல், வேலிமசால், வரப்பில் அகத்தி. கட்டுத்தரையில் கன்றுகளையும் சேர்த்து 19 உருப்படிகள். கறவையில் 11. எல்லாம் ஜெர்சிக் கலப்பும் எச்.எஃப். கலப்பும்.

அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 54. 21 வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, பிறந்த வீட்டுச் சீராக ஒரு கிடேரியும் கூட வந்தது. இன்று கட்டுத்தரையில் நிற்பவற்றில் பாதி அதன் வழிவந்தவை. 33 வருடங்களாக விடியற்காலை 4 மணிக்கும், மதியம் 3 மணிக்கும் அவர் கையில் பால் போவணி இருக்கும். மகள் கல்யாணத்தன்று மட்டும் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் விட்டுக் கறந்ததாகச் சொல்வார். அதையும் ஒரு குறையாகத்தான் சொல்வார்.

இரண்டு வருடங்களுக்கு முன் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பார். ஒருநாள் இட்லி மாவுக் குண்டா கை நழுவி விழுந்தது. ஈரோட்டில் காட்டியபோது, மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, பால் கறப்பதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷன் செய்தாலும் சில மாதங்களுக்கு மடியில் கை வைக்கக் கூடாது.

கட்டைவிரலை மடக்கி, காம்பை அதன் முட்டியில் அழுத்திக் கறக்கும் பழக்கம் நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. அது மாட்டின் காம்புக்கும் ஆகாது, கறப்பவர் கைக்கும் ஆகாது. ஐந்து விரலும் சேர்த்து முழுக்கையால் கறக்க வேண்டும் என்று கால்நடைத் துறைக்காரர்கள் சொல்லாத கூட்டம் இல்லை. ஆனால் 21 வயதில் பழகியது 50 வயதில் மாறுமா? கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடி கறப்பதுதான் நடைமுறை.

அந்த ஊரில் முன்பு இரண்டு கறவைக்காரர்கள் இருந்தார்கள். மொபட்டில் தோட்டம் தோட்டமாக வந்து கறந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவருக்கு வயதாகிவிட்டது. இன்னொருவர் நூல் மில் வேலைக்குப் போய்விட்டார். காலை 4 மணிக்கு எழுந்து, மாட்டிடம் உதை வாங்கி, மாதம் பிறந்தால் சம்பளம் கேட்டு நிற்பதைவிட மில் மேல் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. அம்மாவின் கணவர் இரண்டு மாடு கறப்பார், மூன்றாவது மாட்டில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் 11 மாடுகளை என்ன செய்வது? பாதியை விற்பதா, இல்லை மெஷின் வாங்குவதா?

இந்த இடத்தில்தான் மகன் ரோபோவைக் கொண்டுவந்தான்.

மகனுக்கு 29 வயது. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கம்பெனி அவனை ஆறு மாதம் நெதர்லாந்துக்கு அனுப்பியது. போன இடத்தில் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்றாலை பார்க்கப் போனால், இவன் மாட்டுப் பண்ணையைப் பார்க்கப் போனான். இரத்தம் அப்படி. 60 மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பம், கணவனும் மனைவியும் மட்டும். கறவைக்காரர் இல்லை, கூலியாள் இல்லை. பால் கறப்பது ஒரு ரோபோ. வீட்டுக்காரர் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார், கொட்டகையில் மாடு தானாகப் போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு வருகிறது. ஆறு மாதத்தில் அவன் பார்த்ததிலேயே மனதில் நின்றது அதுதான்.

திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டிக் காட்டி அவன் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். ரோபோ கறவை பற்றிக் கேட்கும் விவசாயிகள் இப்போது அதிகம். செல்போனில் வரும் அரை நிமிடப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள்தான் பெரும்பாலும்.

ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஒரு பட்டை. அதில் அந்த மாட்டின் எண் இருக்கிறது. மாட்டைக் கட்டிப் போடுவதில்லை. கொட்டகைக்குள் அது இஷ்டத்துக்குத் திரியும். ரோபோ நிற்கும் இடத்தில் ஒரு மாடு நுழையும் அளவுக்குக் கூண்டு. உள்ளே போனால் தொட்டியில் அடர்தீவனம் விழும். அந்த ஆசையில்தான் மாடு தானாக வருகிறது. பால் பாரம் தாங்காமல் வருகிறது என்று நாம் நினைப்போம். அதுவும் கொஞ்சம் உண்டு, ஆனால் முக்கியமாகத் தீனிதான். மாடு நுழைந்ததும் பட்டையை வைத்து இன்ன மாடு என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. கடைசியாகக் கறந்து போதுமான நேரம் ஆகவில்லை என்றால் தீனி விழாது, எதிர்க்கதவு திறந்துவிடும், போக வேண்டியதுதான். நேரம் ஆகியிருந்தால் அடியிலிருந்து ஒரு கை வரும். பிரஷ் சுழன்று மடியையும் காம்பையும் துடைக்கும். லேசர் ஒளியாலோ கேமராவாலோ நாலு காம்பும் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கப்பை மாட்டும்.

அதன் பிறகுதான் விஷயம் இருக்கிறது. நாலு காம்புக்கும் நாலு தனிக் கணக்கு. எந்தக் காம்பில் பால் வேகம் குறைகிறதோ அந்தக் கப்பை மட்டும் முதலில் கழற்றும். மற்ற மூன்றும் கறந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு காம்பின் பாலிலும் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது, நிறம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும். மடிநோய் வரப்போகிறது என்றால் பாலில் உப்புச் சத்து கூடும், உப்பு கூடினால் மின்சாரம் எளிதில் கடக்கும். கண்ணுக்குத் திரிதிரியாகத் தெரிவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடும். அந்தப் பாலை நல்ல பாலோடு சேராமல் தனிக் குழாயில் தள்ளிவிடும். முடிந்ததும் காம்பில் மருந்து தெளித்து, கப்பைக் கழுவி, கதவைத் திறந்துவிடும். எல்லாம் ஏழெட்டு நிமிடம். ஒரு மாடு நாளைக்கு இரண்டரை, மூன்று தடவை வரும். ஒரு ரோபோ 60 மாடு வரைக்கும் தாங்கும்.

இது ஒன்றும் நேற்று வந்ததில்லை. நெதர்லாந்தில் 1992-லேயே விவசாயிகளின் பண்ணைகளுக்கு இந்த ரோபோ வந்துவிட்டது. அங்கே கூலி அதிகம், ஆள் கிடைப்பதும் அரிது. விடியற்காலையிலும் சாயங்காலமும் கறவைக்கு நிற்க யாரும் தயாராக இல்லை. நம் கறவைக்காரர் மில்லுக்குப் போனது இன்றைக்கு. அவர்களுடைய கறவைக்காரர் 40 வருடங்களுக்கு முன்பே போய்விட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். மரத்துப்போன கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

“வராத மாட்டை என்ன பண்ணும் கண்ணு?”

மகன் யோசித்தான். அந்த வீட்டுக்காரர் காலையிலும் மாலையிலும் கம்ப்யூட்டரைப் பார்த்து, வராத நாலைந்து மாட்டைக் கையில் தடியோடு ஓட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறான். தலைச்சன் ஈன்ற கிடேரிகளைப் பழக்குவதற்குள் படாதபாடு படுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறான். அதைச் சொன்னான்.

“ராத்திரியில கரண்ட் போனா?”

“போகாதும்மா அங்க. ஆனா கை மாட்டிக்கிட்டா, கப் கழண்டு விழுந்துட்டா, வீட்டுக்காரர் போனுக்கு மணி அடிக்கும். ராத்திரி ரெண்டு மணின்னாலும் எந்திரிச்சுப் போவார்.”

“அப்ப அவரும் தூங்கறதில்லை” என்றார் அம்மா.

மூன்றாவது கேள்விக்குத்தான் மகனிடம் பதில் சட்டென்று வரவில்லை. “நம்ம செவலையோட பின்காம்பு ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குதே, அது எப்படிக் கண்டுபிடிக்கும்?”

செவலை நாலாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு. சீராக வந்த கிடேரியின் வழிப் பேத்தி. வேளைக்கு 7 லிட்டருக்குக் குறையாது. கொழுப்பும் நல்லபடி இருக்கும். பின்காம்பு இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இப்படிக் காம்பு ஒட்டிய மாட்டிலும், மடி தரையை நோக்கித் தொங்கும் மாட்டிலும் ரோபோ தடுமாறும். ரோபோ பண்ணைக்காரர்கள் அதனால் மடி அமைப்பு பார்த்துத்தான் காளை விந்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். ரோபோவுக்கு ஒத்துவராத மாட்டைக் கழித்துவிடுகிறார்கள். கழித்துவிடுவது என்றால் என்ன அர்த்தம் என்று மகனும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி மருமகள் சொசைட்டி பால் நோட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டாள். பி.காம். படித்த பெண். நாளைக்குச் சராசரி 100 லிட்டர். லிட்டர் 38 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 36,500 லிட்டருக்கு 13,87,000 ரூபாய். அது தீவனச் செலவு, வைத்தியம், கரண்ட் எதையும் கழிக்காத மொத்த வரவு. ரோபோ ஒன்று ஒன்றரைக் கோடிக்குக் குறையாது. நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் வருடத்துக்கு 15 லட்சம்.

“மாமா, மொத்தப் பாலையும் ஊத்துனாலும் வட்டிக்குப் பத்தாதுங்க” என்றாள்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த பெரியவர், “பத்திரத்தைப் பீரோவுலயே வெச்சிரு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

அங்கே ஒரு மாடு வருடத்துக்கு 9,000 லிட்டர் வாக்கில் கறக்கிறது. 60 மாடு என்றால் ஒரே ரோபோ வழியாகப் போகும் பால் எவ்வளவு என்று பாருங்கள். இயந்திரத்தின் விலை ஒன்றுதான், அதைப் பங்குபோட்டுக்கொள்ளும் பால்தான் வேறு. இந்தக் கணக்கைப் போடாமல் கடன் விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மகன் கெட்டிக்காரன், கணக்கைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டான். ஆனால் முகம் வாடிப்போயிருந்தது. அம்மாவின் கைக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்றுதான் அவன் அத்தனையும் சொன்னது.

கடைசியில், பண்ணையைக் கலைத்துவிட்ட ஒருவரிடமிருந்து இரண்டு வாளிக் கறவை இயந்திரம் ஒன்று, பழையது, 38,000 ரூபாய்க்கு வந்து சேர்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாடு கறக்கலாம். மகனும் கம்பெனியில் பேசி வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி வாங்கிக்கொண்டான்.

ஆரம்பத்தில் நன்றாகவே செய்தார்கள். மோட்டார் சத்தத்துக்கு மாடு மிரண்டால் பாலை இழுத்துக்கொள்ளும். அதனால் முதல் ஒரு வாரம் கறக்கவே இல்லை, தீனி வைக்கும் நேரத்தில் மோட்டாரைச் சும்மா ஓட்டிவிட்டார்கள். கன்றை விட்டால்தான் சொரப்பு விடும் மாடுகள் மூன்று இருந்தன. கன்றைக் கண்ணெதிரே கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி நீவிவிட்டு, தவிடும் புண்ணாக்கும் முன்னால் வைத்தார்கள். 20 நாளில் இரண்டு பழகிவிட்டன. மூன்றாவது, வெள்ளச்சி, இன்றுவரை பழகவில்லை. அதைப் பெரியவர் கையால்தான் கறக்கிறார். ஊசி போட்டுச் சொரப்பு விட வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அம்மா அவரை அதற்கப்புறம் கட்டுத்தரைக்குள் விடவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு சாயங்காலம், செவலைக்கு இயந்திரத்தை மாட்டியிருந்தபோது மகனுக்குக் கம்பெனியிலிருந்து போன். கட்டுத்தரைக்கு வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய்ப் பேசினான். அம்மா அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவன் திரும்பி வந்தபோது பால் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. இயந்திரம் காலி மடியை இழுத்துக்கொண்டிருந்தது. செவலை கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது, உதைக்கவில்லை. உதைத்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அவன் போன பதற்றத்தில் காற்றை அடைக்காமலே கப்பைப் பிடித்து இழுத்துக் கழற்றினான்.

அந்த ஒரு நாளால் மட்டும் வந்ததல்ல. பின்னால் பிரித்துப் பார்த்தபோது கப்புக்குள் இருக்கும் ரப்பர் உறை உள்பக்கம் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது. வேகுவம் மீட்டர் 350-லிருந்து 380-க்குள் நிற்க வேண்டியது, காற்றுச் சீராக்கியில் தூசி அடைத்து அதற்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டையும் வாங்கியபோதே பார்த்திருக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, இடது பின்காம்பில் முதல் பாலைக் கையில் பீச்சிப் பார்த்தபோது திரித்திரியாக வந்தது. மடியின் அந்தப் பக்கம் கல் மாதிரி இருந்தது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார், காம்பு வழியாக மருந்து ஏற்றினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பெரியவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூசினார். மற்ற மாடாக இருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை, சில மடிகள் அப்படித்தான். வீக்கம் வற்றியது, காய்ச்சல் நின்றது, காம்பு திரும்பவில்லை. நாலில் ஒன்று போய்விட்டது. மருந்து ஏற்றிய நாட்களின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. ரோபோ பண்ணையில் கழுத்துப் பட்டை எண்ணைப் பார்த்துத் தானே பிரித்துவிடும். இங்கே மருமகள் செவலையின் காலில் சிவப்புத் துணி கட்டினாள், மறந்துகூட அந்த வாளி கேனுக்குப் போகக் கூடாது என்று. அத்தனை பாலும் தென்னந்தூருக்குப் போனது.

அம்மா மகனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்தைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை போவணியோடு உட்கார்ந்துவிட்டார். வலது கை வராததால் இடது கையால். ஒரு மாடு கறக்க அரை மணி நேரம் ஆனது. மூன்றாவது மாட்டில் போவணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏம்மா, பால் நின்னதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“மடி சொல்லுமல்லொ.”

“எப்படிச் சொல்லும்?”

அவர் அவன் கையைப் பிடித்து மடியில் வைத்தார். பால் இருக்கிற மடி எப்படி இருக்கும், இறங்க இறங்க எங்கே முதலில் தொய்யும், முன்மடிக்கும் பின்மடிக்கும் என்ன வித்தியாசம், எந்த மாடு எந்தக் காம்பில் முதலில் முடிக்கும் என்று ஒவ்வொரு மாடாகச் சொன்னார். பின்மடியில் பால் எப்போதும் அதிகம், முன்மடி முதலில் காலியாகும். வாளி இயந்திரத்துக்கு அது தெரியாது. நாலையும் ஒன்றாகத்தான் இழுக்கும். அந்த வெளிநாட்டு ரோபோ நாலுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான் என்பது மகனுக்கு அன்றுதான் விளங்கியது. அந்தக் கணக்கு முழுவதும் இந்தக் கட்டுத்தரையில் 33 வருடங்களாக ஒருவரிடம் இருந்திருக்கிறது. இயந்திரம் வந்த அன்று அவரை ஓய்வாக இருக்கச் சொல்லி ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

இயந்திரத்துக்குப் புது ரப்பர் உறைகள் வாங்கினார்கள். ஓர் உறை 2,500 கறவை தாங்கும். 11 மாட்டுக்கு இரண்டு வேளை, இரண்டு செட் என்றால் ஏழரை மாதத்தில் மாற்ற வேண்டும். அந்தத் தேதியை மருமகள் தினசரி காலண்டரில் வட்டமிட்டு வைத்தாள். காற்றுச் சீராக்கியை வாரம் ஒரு முறை கழற்றித் துடைப்பது பெரியவர் பொறுப்பு. கட்டுத்தரைச் சுவரில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் வேளைக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார்கள். ஒரு மாடு திடீரென்று அரை லிட்டர் குறைந்தால் அடுத்த வேளை அதன் மடிக்குத்தான் முதல் கவனிப்பு.

கறவை நேரத்தில் இப்போது அம்மா ஒரு முக்காலி போட்டு மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். முதலில் ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சு, கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில். திரி இருந்தால் துணியில் தெரிந்துவிடும். பிறகு கழுவித் துடைத்து நீவிவிடுவது. சொரப்பு விட்டு ஒரு நிமிடத்துக்குள் மகன் கப்பை மாட்டிவிட வேண்டும். சொரப்பு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது, அதற்குள் கறந்தது தான் பால். அம்மா மடியில் உள்ளங்கையை வைத்திருப்பார். விரல்தான் மரத்துப்போனது, உள்ளங்கை மரக்கவில்லை. “போதும்” என்றதும் மகன் காற்றை அடைத்துவிட்டுக் கப்பை எடுக்கிறான். போன் வேப்ப மரத்தில் ஒரு பையில் தொங்குகிறது, அடித்தால் அடித்துக்கொண்டிருக்கும். காம்பை அயோடின் மருந்தில் முக்கிவிட்டு, உடனே புல் போடுகிறார்கள். கறந்த அரை மணி நேரத்துக்குக் காம்பின் வாய் திறந்தே இருக்கும், அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி ஏறிவிடும். புல் முன்னால் இருந்தால் நின்று தின்னும். ரோபோ பண்ணையிலும் கூண்டை விட்டு வெளியே வரும் மாட்டுக்கு முன்னால் தீனி இருக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள் என்று மகன் சொன்னான்.

“அப்ப அவங்க ஊட்டு அம்மாளும் சொல்லியிருப்பா” என்றார் அம்மா.

கரண்ட் போனால் இன்னும் கைதான். மழைக்காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் அப்படி ஆகும். மகனும் மருமகளும் முழுக்கையால் கறக்கப் பழகியிருக்கிறார்கள். முட்டி மடக்கிக் கறக்க அம்மா விடுவதில்லை. தனக்கு வந்தது அவர்களுக்கு வர வேண்டாம் என்கிறார். ஜெனரேட்டர் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கையின் ஆபரேஷன் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. செவலை ஐந்தாம் ஈத்துக்குச் சினையாக இருந்தது. மருத்துவர் சொன்னபடி ஏழு மாதச் சினையிலேயே பால் வற்ற வைத்து, நல்ல காம்பு மூன்றுக்கும் மருந்து ஏற்றியிருந்தார்கள். போன காம்பு அடுத்த ஈத்தில் சில நேரம் திரும்பி வரும் என்றும் அவர் சொல்லியிருந்தார். செவலை ஈனும்வரை ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஈரோட்டில் வாங்கிய தேதியை இரண்டு தடவை மாற்றினார்கள்.

தை மாதக் கடைசியில் ஒரு ராத்திரி செவலை கிடேரிக் கன்று ஈன்றது. கன்றைத் துடைத்து, தொப்புளுக்கு மருந்து வைத்து, அரை மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று அம்மாவே உட்கார்ந்தார். முன்காம்பு இரண்டும் மஞ்சளாக, கெட்டியாகக் கொடுத்தன. வலது பின்காம்பும் கொடுத்தது. கடைசியாக இடது பின்காம்பைப் பிடித்தார். இரண்டு பீச்சு வந்தது. மூன்றாவதில் தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு. அதற்கு மேல் இல்லை. இன்னும் இரண்டு தடவை நீவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

“வரலியாம்மா?” என்றான் மகன்.

“மூணுலயே ஒம்பது லிட்டர் கறப்பா பாரு.”

ஆறாம் நாள் இயந்திரத்தை மாட்டும்போது நாலாவது கப்பின் வாயில் ரப்பர் அடைப்பானைச் செருகிவிட்டு, மற்ற மூன்றையும் மகன் மாட்டினான். அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மடியில் கை வைத்தார். ஈரோட்டுக்குத் திங்கட்கிழமை வருவதாகப் போன் செய்யச் சொன்னார்.